வண்டி சரியில்லை

அந்த அக்காவுக்கு எங்காவது வலித்தால் வலிக்கிற இடத்தைச் சொல்ல மாட்டார். வலிக்க வைத்த பொருளைத் திட்டுவார். அரிவாள்மனை விரலைப் பதம் பார்த்தால், "இந்த அருவாமனைக்கு மட்டு மரியாத கெடையாது" என்பார். நிலைப்படியில் தலை இடித்தால் வீடு கட்டிய கொத்தனாருக்கு அன்று முழுக்க அர்ச்சனை நடக்கும். அவருடைய அப்பா இறந்துபோன மார்கழியில், துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "இந்த வருசம் பனி சரியில்ல" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர்களும் பனியைப் பற்றியே பேசிவிட்டு எழுந்து போனார்கள்.

தர்மபுரியில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் நர்ஸம்மா. எனக்கு மட்டும் அக்கா. பென்னாகரம் தாண்டிக் காட்டை ஒட்டிய ஊர்களில் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரசவ வலி கண்ட பெண்ணை ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போது, ஜீப்புக்கு முன்னால் இவர் நடந்து போய் ரோட்டில் கிடக்கிற கல்லை எல்லாம் பொறுக்கி வீசுவாராம். அந்த ஜீப்பை ஓட்டிய ஆள் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "அந்தம்மா வந்தா பாதி தூரம் நடதாங்க. கல்ல எடுத்து வீசிக்கிட்டே திட்டுவாங்க பாருங்க, கல்லுக்கே ரோசம் வந்துரும்."

என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தடுப்பூசி போட்டது அவர்தான். ஊசியைக் குத்திவிட்டு, வீறிட்டு அழுகிற குழந்தையின் முகத்துக்கு நேரே அதைப் பிடித்து, "ஏன் எங்க கண்ணுப் புள்ளயக் குத்துன, ஆங்?" என்று ஊசியை அதட்டுவார். குழந்தை அழுகையை மறந்து ஊசியையே பார்க்கும். குத்தியது யார் என்பது அதற்கு மறந்தே போய்விடும்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நான் கல்யாணங்களுக்குச் சொகுசுக் கார் விடுகிறவன். புதிதாக வாங்குகிற யோகம் எனக்கு எங்கே? பெங்களூரில் யாரோ ஓட்டிக் களைத்துப்போன கார்களை வாங்கிவந்து, பாலீஷ் போட்டு, முன்னால் ரோஜா மாலையைச் சுற்றி மாப்பிள்ளையை உட்கார வைத்துவிட்டால், அவன் பின்சீட்டில் மகாராஜா மாதிரி சாய்ந்துகொள்வான். என் கார்களைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று வரும். என் மனைவியைப் பற்றிச் சொன்னால்கூட அத்தனை சீக்கிரம் வராது என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

ஒருநாள் காலையில் அக்கா என் ஷெட்டுக்கு வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டார். "தம்பி, இருக்கறதுலயே குலுங்காத வண்டி எது?"

"ஏங்கக்கா, எங்க போவணும்?"

"பாப்பாவுக்கு அஞ்சு மாசம் ஓடுது. ஏழாம் மாசம் வளகாப்பு முடிச்சுக் கூட்டியாரணும். அதுக்குத்தான் இப்பவே வண்டி பாக்கறன். பெங்களூர்ல எனக்கொரு வேல இருக்குது, போய்ப் போய் வரணும். ஒவ்வொரு வாட்டியும் ஒவ்வொரு வண்டியில போனா, எது நல்லதுன்னு தெரிஞ்சிரும் பாருங்க."

பாப்பா என்றது அவருடைய ஒரே மகளை. பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில், சித்தேரி மலையடிவாரத்து ஊர் ஒன்றில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகிப் பல வருடம் தங்காமல் போய்ப் போய்க் கடைசியில் தங்கிய கரு. அதிகம் அலையக் கூடாது, அதிரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தலைப்பிரசவத்துக்கு மகளைத் தாயே நேரில் போய், வளையல் அடுக்கி, கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். அதனால் அவர் சொன்னதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கொஞ்சம் அதிகமாகவே அலட்டிக்கொள்கிறார் என்று மட்டும் நினைத்தேன்.

அப்போது என்னிடம் மூன்று சொகுசுக் கார்கள் இருந்தன. சாம்பல் நிறக் காரில் இரும்புச் சுருள் ஸ்பிரிங். கூடவே இருக்கிற ஷாக் அப்சார்பர் பட்டனுக்குக் கட்டுப்பட்டது. ஒரு பட்டனை அழுத்தினால் மெத்தென்று போகும், இன்னொன்றை அழுத்தினால் விறைத்துக்கொள்ளும். கறுப்பு பழைய காலத்து நீளக் கார். அதில் சாதாரணச் சுருள் ஸ்பிரிங்தான்; நீளமும் கனமும்தான் அதன் சொகுசு. வெள்ளைக் காரில் ஸ்பிரிங்கே கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் மேலே நான்கு ரப்பர் பைகள், உள்ளே காற்று. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறுவதை அந்தப் பை தனக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும்.

முதல் தடவை சாம்பல் காரில் போனோம். அக்காவின் வீட்டுக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்காவை அக்கா என்கிறதால் அவர் எனக்கு மாமா. தக்காளி போடுகிற விவசாயி, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற மனிதர். அக்கா பின்னால் இடது பக்கம் உட்கார்ந்து, கதவுக்கு மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நாலு வழி ரோடு, நன்றாகத்தான் இருக்கும். மேம்பாலங்களில் மட்டும் இரண்டு துண்டு சேருகிற இடத்தில் தடக் தடக் என்று வரும். காவேரிப்பட்டணம் தாண்டுவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"தம்பி, இது கோள் சொல்ற வண்டி."

"என்னங்கக்கா சொல்றீங்க?"

"பெரிய பள்ளத்த மறைச்சிருது. சின்னக் கல்லு ஒண்ணு இருந்தா மட்டும் ஓடியாந்து சொல்லுது. வூட்டுல இப்படி ஒரு ஆளு இருந்தாப் போதும், குடும்பம் வெளங்கிரும்."

நான் மெத்தென்று போகிற பட்டனை அழுத்தினேன். "இப்ப எப்படிங்க?"

"இப்ப மொள்ளச் சொல்லுது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தக் காரில் ஒரு மந்திரி போயிருக்கிறார் என்று சொன்னேன். "தூங்கிட்டுப் போயிருப்பாரு" என்றார் அக்கா. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தக் காரின் டயர் மெல்லிசு. பார்வைக்கு எடுப்பாக இருக்கும், சின்னக் கல்லைக்கூட அப்படியே சீட்டுக்கு அனுப்பிவிடும். ஊர் திரும்பியதும் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன். அடுத்த தடவை அதிலேயே போகலாம் என்றதற்கு, "கோள்சொல்லிக்குக் காத்தக் கொறச்சா வாயக் கொறைக்குமா?" என்று கேட்டுவிட்டுக் கறுப்புக் காரில் ஏறிக்கொண்டார்.

கறுப்புக் காருக்கு அவர் வைத்த பெயர் கும்பிடுசாமி. பிரேக்கைத் தொட்டால் மூக்கு குனியும். வேகத்தடையில் ஏறி இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டே போகும். "ஒரு மேட்டுக்கு ஒரு கும்பிடு போட்டா போதாதா தம்பி? ஊரு எல்ல தாண்டுற வரைக்கும் போட்டுக்கிட்டே வருது." கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் ஓசூர் வந்தபோது அவர் மேலுதடு வியர்த்திருந்தது. ஏசி சில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதும் மண்டையில் உறைக்கவில்லை.

வெள்ளைக் காரில் போன அன்றைக்கு, கிருஷ்ணகிரி வரைக்கும் வாயே திறக்கவில்லை. ஐயோ, இதுவும் போச்சா என்று நான் பயந்துகொண்டே ஓட்டினேன். பிறகு சொன்னார், "இது பரவால்ல தம்பி. பள்ளத்தக் கேட்டுக்குது, மனசுக்குள்ளயே வச்சிக்குது. வெளிய சொல்றதில்ல. திரும்பறப்ப மட்டும் கொஞ்சம் அசட்டையா சாயுது. அது கெடக்கட்டும். பாப்பாவுக்கு இதயே எடுத்துக்கலாம்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கு வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது அக்கா காரிலேயே இருந்தார். நானும் மாமாவும் கடையோரம் நின்றோம். வெள்ளைக் காரின் காற்றுப் பையைப் பற்றி நான் அளந்துகொண்டிருந்தேன். மாமா டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, அது புது வண்டியா வாங்குனா இன்னுங் கொஞ்சம் மெத்துன்னு இருக்குங்களா?"

"எதுக்குங்க மாமா? இதே போதுங்களே. பாப்பா ஒருக்கா வரதுக்கு."

"பாப்பாவுக்கு இல்லீங்க தம்பி." டம்ளரைக் கீழே வைத்தார். "அவளுக்கு முதுகெலும்புல கட்டிங்க. எங்கயோ ஆரம்பிச்சு எலும்புக்கு வந்துருச்சுன்றாங்க. கட்டி கரைய ரேடியேசன் கரண்ட் வெக்கத்தான் போறம். ஒரு குலுக்கு குலுங்குனா இடுப்புல ஆரம்பிச்சுக் காலு வரைக்கும் உசுரு போவுதாம். அதயும் எங்கிட்டச் சொல்லல. டாக்டரு சொல்லித்தான் எனக்கே தெரியும். பாப்பாவுக்குத் தெரியக் கூடாதுன்னுட்டா. தெரிஞ்சா வயித்துல இருக்கறதுக்கு ஆவாதாம்."

கையில் இருந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை. கோள்சொல்லி, கும்பிடுசாமி என்று அவர் சொல்லச் சொல்ல நான் சண்டைக்குப் போனேனே, அது அத்தனையும் அவர் வலி என்று அங்கே நின்றுகொண்டிருந்தபோதுதான் தெரிந்தது. காருக்குத் திரும்பியபோது அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"உங்க மாமா என்ன சொன்னாரு?"

"தக்காளி வெல பத்திங்கக்கா."

"தக்காளியப் பத்தி இவ்ளோ நேரம் பேச என்ன இருக்குது?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆனால் நான் அவர் பாஷையைக் கற்றுக்கொண்டேன். "வண்டி முணுமுணுக்குது" என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். "இந்த வண்டிக்கு வளர்ப்பு சரியில்ல" என்றால் ஓரமாய் நிறுத்த வேண்டும், மாத்திரை போடுவார். ஒன்றுமே சொல்லாமல் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார் என்றால் அதுதான் உச்சம். அப்போது நானாகவே நிறுத்தி, இறங்கி, டயரைப் பார்க்கிற பாவனையில் நான்கு சக்கரத்தையும் சுற்றி வருவேன். வந்து உட்கார்ந்து, "இந்தக் காரு சரியில்லீங்கக்கா, திருட்டுக் காரு" என்பேன். "அதத்தான நானும் சொல்றன்" என்பார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பாவமும் அறியாத அந்த வெள்ளைக் காரைத் திட்டித் தீர்ப்போம். மாமா முன்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பெங்களூரில் தமிழ் தெரிந்த டாக்டர் ஒருவர், வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நின்றேன். "வர்றப்ப வண்டி கொஞ்சம் சரியில்லீங்க டாக்டர்" என்றார் அக்கா. டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் மாத்திரையைக் கூட்டி எழுதினார்.

கரண்ட் வைத்து முடித்தும் உடம்பு தேறவில்லை. நடை நின்றுபோனது. மாமாதான் தூக்கிக்கொண்டு வந்து சீட்டில் உட்கார வைப்பார். பெங்களூர் போகிற நாட்களில் அக்காவின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "வளகாப்பு அன்னிக்கு வெள்ளக் காரு எங்கயும் போவாதில்ல?" வளைகாப்பைத் தர்மபுரியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று மாமா ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "என் பொண்ண நான் போய்த்தான் கூட்டியாருவன். நான் போவாம இருந்தா அவளுக்குச் சந்தேகம் வராதா?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

அன்றைக்கு முகூர்த்த நாள். சாம்பல் காரும் கறுப்புக் காரும் விடியற்காலையிலேயே கல்யாணத்துக்குப் போய்விட்டன. வெள்ளையை யார் கேட்டும் நான் தரவில்லை. முந்தின நாளே கழுவித் துடைத்து வைத்திருந்தேன். காலையில் ஷெட்டைத் திறந்தால், அது வயிறு தரையில் படப் படுத்திருக்கிறது. காற்றுப் பை கிழிந்துபோயிருந்தது. இந்த மாதிரிக் கார்களுக்கு வயதானால் வருகிற நோய்தான் அது. ஆனால் அன்றைக்கா வர வேண்டும்? தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். முகூர்த்த நாளில் எவனிடம் கார் இருக்கும்?

மிச்சம் இருந்தது பந்தல் சாமான் ஏற்றுகிற பழைய வண்டி ஒன்றுதான். ஜீப் மாதிரி உயரம். பின்பக்கம் லாரிக்குப் போடுகிற மாதிரி பட்டை பட்டையாய் அடுக்கிய ஸ்பிரிங். அதில் உட்கார்ந்து போனால் நல்ல முதுகே கழன்றுவிடும். வீட்டில் இருந்த தலையணை, மெத்தை எல்லாவற்றையும் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு போனேன். அக்கா பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்து, கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, வெள்ளக் காரு படுத்துருச்சுங்க." நான் வாசற்படியிலேயே நின்றேன். "இன்னொரு நாளு வெச்சிக்கலாங்கக்கா. இந்த வண்டியில உங்களால முடியாது."

"சும்மா இருங்க தம்பி. நல்ல நேரத்துக்குள்ள போவணும். எது நிக்குதோ அத எடுங்க."

முதல் வேகத்தடையில் நான் கண்ணாடியில் பார்த்தேன். அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவதிலும் பார்த்தேன். "என்ன தம்பி, கண்ணாடியிலயே இருக்கறீங்க. ரோட்டப் பாருங்க" என்றார். பொம்மிடி தாண்டியதும் குழாய் புதைக்கத் தோண்டிச் சரியாக மூடாமல் விட்ட ரோடு. எவ்வளவு மெதுவாகப் போனாலும் வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. என் பல்லோடு பல் இடித்தது. மாமாவின் தலை கூரையில் மோதியது. நான் கண்ணாடியைப் பார்க்கவே பயந்துகொண்டிருந்தேன்.

"தம்பி, அருமையான வண்டி" என்றது பின்னாலிருந்து குரல். "இத்தன நாளா இத ஏன் ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கிண்டல் இல்லை. "மெய்யாலுந்தான் சொல்றன். அந்தக் கோள்சொல்லி, கும்பிடுசாமி, வெள்ளக்காரன், எல்லாத்தவிட இதுதான் வண்டி. ஒண்ணுமே தெரியல."

மாமா என் பக்கம் குனிந்து, "கரண்ட் வெச்சது இப்பத்தான் கேக்குது போலிருக்குதுங்க தம்பி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பட்டை ஸ்பிரிங் வண்டியைத் தட்டிக் கொடுத்தேன். அக்கா வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். பிறக்கப்போகிற பிள்ளைக்கு என்ன பேர் வைப்பது என்று மாமாவிடம் கேட்டு, அவர் சொன்ன பேரையெல்லாம் வேண்டாம் என்று தள்ளினார். அவர் அப்படிச் சிரித்துப் பேசி நான் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அந்த ரோட்டில் நாங்கள் இரண்டு ஆம்பிளைகளும் இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்வேன்.

மகள் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பெண்கள் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார்கள். மாமா இறங்கிப் பின்கதவைத் திறந்து, அக்காவைத் தூக்கக் குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா. காலு."

அக்காவின் வலது பாதம் முன்சீட்டுக்கு அடியில் நழுவி, சீட்டு நகர்கிற இரும்புத் தண்டவாளத்தில் சிக்கியிருந்தது. வழி முழுக்க அந்த இரும்பு அறுத்திருக்கிறது. தோல் உரிந்து, ரத்தம் வழிந்து, பட்டுப்புடவையின் கரை நனைந்திருந்தது. அக்கா குனிந்து பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் காலைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு தோளில் முந்தானைக்குக் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, முழங்காலில் குத்தினார். அடுத்த முழங்காலிலும் குத்தினார். தொடையில் குத்தினார். முகம் மாறவே இல்லை. ஊக்கைத் திரும்ப முந்தானையில் மாட்டிக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. வலி குறையவில்லை. கட்டி நரம்பை நெரித்துவிட்டது. இடுப்புக்குக் கீழே அக்காவுக்கு எதுவுமே தெரியவில்லை. வண்டி நன்றாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம், இப்பவே" என்றார் மாமா.

"போலாம். சேலம் இங்கிருந்து கிட்டதான். இத்தன வருசம் நர்ஸா இருந்தவ, எனக்குத் தெரியாதா? வளையல் போட்டுட்டுப் போலாம். உங்க துண்டக் குடுங்க, கால மூடணும். பாப்பாவ இங்கயே வரச் சொல்லுங்க. இந்த மூஞ்சியோட போவாதீங்க, தொடச்சிக்கிட்டுப் போங்க." பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, அந்தப் பக்கக் கதவத் தொறந்து வைங்க" என்றார்.

சம்பந்தியம்மா தட்டோடு வண்டிக்கே வந்துவிட்டார். "என்னங்க சம்பந்தி, வாசலுக்கு வந்துட்டு வண்டியிலயே உக்காந்துக்கிட்டீங்க?"

"வண்டி அவ்ளோ சொகமா இருக்குதுங்க சம்பந்தி. எறங்க மனசு வரல" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பந்தலில் இருந்த பெண்கள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. பந்தல் சாமான் ஏற்றுகிற வண்டியில் அப்படி என்ன சுகம் என்றாள் ஒருத்தி. கவர்மென்ட் வேலை பார்த்தவங்க, இறங்கி வர மாட்டாங்க என்றாள் இன்னொருத்தி. எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் வாயைத் திறக்காமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தாள். முகம் சிவந்திருந்தது. "ஏம்மா இப்படிப் பண்ற? எல்லாரும் என்ன நெனப்பாங்க? என் வளகாப்புக்கு உள்ள கூட வர மாட்டியா?"

"ஏறி உக்காரு கண்ணு. நெனக்கறவங்க நெனச்சிட்டுப் போறாங்க. கைய நீட்டு."

பின்சீட்டில் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். மகளின் கைமுட்டியை அவர் நெருக்கிப் பிடித்த பக்குவத்தில் ஒரு வளையல்கூட உடையவில்லை. ஒவ்வொரு வளையலுக்கும், "வலிக்குதா கண்ணு?" என்று கேட்டார். "இல்லம்மா" என்றாள் அவள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் கோபம் இறங்கியது. பிறகு மற்றப் பெண்களும் வேறு வழியில்லாமல் ஒவ்வொருத்தராக வண்டிக்கு வந்து வளையல் போட்டுவிட்டுப் போனார்கள். கட்டுச்சோறு ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லோருமே சிரித்தார்கள், கடைசியில் பார்த்தால் அது நல்ல வளைகாப்பாகத்தான் முடிந்தது. அக்கா ஒரு நிமிடம்கூட முகத்துச் சிரிப்பை விடவில்லை.

அதற்குப் பிறகு அக்கா கொஞ்ச காலம்தான் இருந்தார். பேத்தியைப் பார்த்தார். சேலத்து டாக்டர்களும் பெங்களூர் டாக்டர்களும் செய்ததை எல்லாம் செய்தார்கள், கால் திரும்பவில்லை. கடைசி நாட்களில் கட்டில் சரியில்லை என்று ஒருமுறைகூட அவர் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நாங்கள் எவ்வளவோ சந்தோஷப்பட்டிருப்போம். ஆனால் அக்கா என்றதும் எனக்கு முன்னால் வந்து நிற்பது அந்த நாட்கள் இல்லை. வளைகாப்பு முடிந்து சேலம் ரோட்டைப் பிடிக்கக் கிளம்பினோமே, அந்த மண்ரோடுதான்.

"சேலத்துல ஒரு டாக்டரப் பாத்துட்டுப் போலாம், இடுப்புல ஒரு சின்ன வேல" என்று மகளிடம் சொல்லியிருந்தார். காலையிலிருந்து உட்கார்ந்த களைப்பில் அவள் அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இரண்டு கையிலும் வளையல். நான் முடிந்த மட்டும் மெதுவாக ஓட்டினேன். அந்த வண்டியை எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் அது அந்த வண்டிதான்.

"தம்பி" என்றார் அக்கா. "குலுங்குதா?"

அவர் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. எப்போதும் அவர்தான் சொல்வார்.

"இல்லீங்கக்கா. மெத்துன்னுதான் போவுது."

"பொய் சொல்லாதீங்க தம்பி. எனக்குத் தெரியல." குரல் தணிந்துவிட்டது. "எனக்கு ஒண்ணுமே தெரியல. பாப்பாவுக்குக் குலுங்குதான்னு நீங்கதான் சொல்லணும்."

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு ரோடு மங்கலாகத் தெரிந்தது.

"குலுங்குதுங்கக்கா."

"அப்ப முன்னாடியே சொல்லிக்கிட்டு வாங்க."

சொல்லிக்கொண்டே ஓட்டினேன். பள்ளம் வருதுங்கக்கா. கல்லு வருதுங்கக்கா. மேடு வருதுங்கக்கா. நான் சொல்லச் சொல்ல அவர் தூங்குகிற மகளின் வயிற்றை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். தாண்டிருச்சுங்கக்கா என்று நான் சொல்கிற வரைக்கும் கையை எடுக்கவில்லை.